கருப்பி ஏன் ராத்திரியில் கத்துகிறாள்?

அம்மாபேட்டையில் தறிச் சத்தம் அடங்கியதும் எங்கள் பூனை கருப்பி ஊளையிட ஆரம்பித்துவிடுவாள். 14 வயதுக் கிழவி. பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாதென்று அத்தை முணுமுணுப்பார், அதை விடுங்கள். இளம் பெண் பூனை இப்படிக் கத்தினால் பெரும்பாலும் இணை தேடுகிறது. கருத்தடை செய்தால் அடங்கும். கருப்பிக்கு அது எப்போதோ ஆயிற்று.

வயதான பூனை புதிதாக ஊளையிட்டால் தைராய்டு, சிறுநீரகம், ரத்தக் கொதிப்பு, காது, நினைவுத் தடுமாற்றம் எல்லாம் பார்க்கணும் என்றார் கால்நடை மருத்துவர். அதிலும் நன்றாகத் தின்றும் இளைத்தால் தைராய்டு மேல்தான் முதல் சந்தேகமாம். கருப்பி அப்படியேதான்: கருவாட்டு வாசத்துக்கு ஓடி வருவாள், தடவினால் முதுகெலும்பு கையில் இடிக்கும். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. இப்போது தைராய்டு சுரப்பைக் குறைக்கும் மெத்திமசோல் மாத்திரை. தயிரில் வைத்தால் தயிரை நக்கிவிட்டு மாத்திரையைத் துப்புகிறாள், சண்டாளி!