பதிமூன்றாம் நாள்

ஜூலை 14, திங்கள்

விலக்கு வந்து பதிமூன்றாம் நாள். மறுபடியும் ரத்தக் கறை. கடுகளவுதான், காய்ந்த குங்குமம் மாதிரி பழுப்பு. மே, ஜூன், இப்போது ஜூலை.

ஜூலை 15

காலையில் மாமியார் மாவடு எடுத்துவரச் சொன்னார். கரண்டியும் கையுமாக ஜாடி முன்னால் நின்றேன். அந்த மூன்று நாள் நான் ஜாடிப் பக்கம் போகக் கூடாது, போனால் கெட்டுவிடும். அது இந்த வீட்டுச் சட்டம். கடுகளவுக்கு என்ன சட்டம்? யாரைக் கேட்பது? எடுத்தேன், நாலு வடு. இரவு பத்தேகால் வரை ஜாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 16

மும்பை மழை. வடாலாவில் ரயில் இருபது நிமிஷம் நின்றது. பெண்கள் பெட்டியில் ஒருத்தி என் தோள்மேல் சாய்ந்து தூங்க, நான் போனைச் சரித்துப் பிடித்துக்கொண்டு படித்தேன்.

கருமுட்டை வெளியேறுவதற்குச் சற்று முன் ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்கு ஏறி, சட்டென்று இறங்குமாம். அந்த இறக்கத்தில் கருப்பையின் உள்சவ்வு துளி உதிரலாம். ஒன்றிரண்டு நாள் லேசாகத் தெரிந்துவிட்டு நின்றுவிடும். வெள்ளைப்படுவதும் அதே நாட்களில் மாறும்: தெளிவாக, வழவழவென்று, விரலில் இழுத்தால் நூல்விடும். முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் முட்டை உடைத்தவர் யாருமில்லை. வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தியில் இழுக்குமே, எனக்கு அதுதான் தோன்றியது. இனி வெண்டைக்காய்ப் பொரியலை எப்படிப் பார்ப்பது என்பது வேறு விஷயம்.

திரிந்த தயிர் மாதிரித் திட்டுத்திட்டாக, அரிப்போடு வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறம், மீன் வாடை என்றால் பாக்டீரியா. எனக்கு இரண்டும் இல்லை. நிம்மதியாக இருந்தேன், குர்லா வரை. அப்புறம் பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. விடியற்காலை மூன்று தடவை பாத்ரூம் போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மாவிளக்கு மாவு பிசைந்தேன், வெல்லம் கொஞ்சம் கூடிவிட்டது. திரி எரிந்து முடியும்வரை புடவையையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததில் என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவில்லை.

ஜூலை 19

ஒன்றுமில்லை.

ஜூலை 21

அம்மாவுக்குப் போன் செய்தேன். "உடம்புச் சூடுடி. ராத்திரி வெந்தயம் ஊறப்போட்டுக் காலையில முழுங்கு, தலைக்கு எண்ணெய் வை." பெரியம்மாவுக்கும் இதைத்தானே சொன்னீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பெரியம்மாவுக்கு எல்லாம் நின்று ஆறு வருஷம் கழித்து வந்தது. நின்ற பிறகு ஒரு சொட்டு வந்தாலும் டாக்டரிடம் போயாக வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. வெந்தயம் மட்டும் தெரிந்தது.

ஊறப்போட்டிருக்கிறேன். அது தனி.

ஜூலை 23

செம்பூரிலேயே ஒரு டாக்டரம்மா. மராத்தி. எனக்குத் தெரிந்த ஹிந்தி காய்கறிக்காரனோடு பேரம் பேசத்தான் போதும். "பீச் மே தாக்", நடுவில் கறை என்றேன், புரிந்துகொண்டார். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாயா, காப்பர்-டி உண்டா, உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டதா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஏப்ரலில் ஒரு தடவை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அந்தப் பேனா நின்று எழுதியதே, அது பிடிக்கவில்லை.

முதலில் கர்ப்பமா என்று சிறுநீர்ச் சோதனை. நாற்பத்தொன்றில்! சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. இல்லை என்று வந்தது. தைராய்டுக்கு ரத்தம் கொடுத்தேன். பாப் ஸ்மியர், கருப்பைவாய்ப் புற்றுக்கான சோதனை, எப்போது எடுத்தாய் என்றார். எடுத்ததே இல்லை. முப்பதிலிருந்தே எடுக்க வேண்டுமாம். அங்கேயே எடுத்துவிட்டார், வலி என்று சொல்ல முடியாது, குளிர்ந்த இரும்பு, ஒரு சின்ன பிரஷ். ஸ்கேன் மட்டும் அடுத்த விலக்கு முடிந்த கையோடு. அப்போதுதான் உள்சவ்வு மெலிந்திருக்கும், பாலிப் என்கிற சதை வளர்ச்சி இருந்தால் தெரியும்.

இவரிடம் தைராய்டு டெஸ்ட் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 24

சிவப்பு. பழுப்பு இல்லை, சிவப்பு. பத்து நிமிஷம் கை நடுங்கியது. ஸ்மியர் எடுத்தால் லேசாகப் படும் என்று டாக்டரம்மா சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஜூலை 28

வந்துவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக வந்ததே இல்லை. இன்றைக்கு ஜாடியைத் தொடக் கூடாது, அதில் சந்தேகமே இல்லை.

காலண்டரை எடுத்துப் பின்னாலிருந்து எண்ணினேன். அடுத்த விலக்குக்கு ஏறக்குறைய பதினாலு நாள் முன்னால்தான் முட்டை வெளியேறும், முன்னாலிருந்து எண்ணினால் தப்பும். 28இலிருந்து பதினாலைக் கழித்தால் 14. ஜூனில் பட்டது 18ஆம் தேதி, அடுத்தது வந்தது ஜூலை 2. அதற்கும் பதினாலு! மே மாதத்துக்குத் தேதி குறித்து வைக்காமல் விட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆனால் ஏப்ரல் இந்தக் கணக்கில் வரவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ரிப்போர்ட். புற்றுக்கான அறிகுறி இல்லை. கீழே 'இன்ஃப்ளமேட்டரி', அதாவது அழற்சி, என்று ஒரு வார்த்தை. சாதாரணமாக எழுதுவதுதான், மாத்திரை தருகிறேன் என்று டாக்டரம்மா போனில் சொன்னார். சரி. அந்த வார்த்தையை மட்டும் பதினைந்து தடவை படித்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம். மாமியார் ஜாடியை அவரே தூக்கிவந்து என் தட்டில் இரண்டு வடு வைத்தார்.

"நாளைக்கு ஸ்கேனுக்கு நானும் வரேன்."

சீட்டைத் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். படுக்கை உதறுவது அவர் என்பதை மறந்துவிட்டேன். எத்தனை மாசமா என்று கேட்டார். சொன்னேன். "எனக்கும் வரும். யார்கிட்ட சொல்றது?" என்றவர், மோர் விடட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 4

தண்ணீர் குடித்து அடக்கி வை என்றார்கள். ஒரு லிட்டர் குடித்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு, உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும், போய்விட்டு வா என்கிறார்கள். போய் வந்தேன். சுவரில் பலகை, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று. மாமியார் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேர்.