எட்டாவது பீஸ்

"நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா அப்படியே எழுதிடறனுங்ண்ணா."

இவ்வளவுதான் அவன் சொன்னது, எங்கள் பனியன் கம்பெனியில் எனக்குக் கீழே க்யூசியில், அதாவது தரம் பார்க்கிற வேலையில், இருந்த பையன். குரலை உயர்த்தவில்லை, மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஏழெட்டு மாதமாக இந்த ஒரு வரி என்னை விட மாட்டேன் என்கிறது.

குழந்தைகள் டி-ஷர்ட், 2,400 பீஸ். மறுநாள் காலை பையரின், அதாவது சரக்கை வாங்குகிறவரின், க்யூசி வருகிறார், அதற்கு முன் எங்கள் ஃபைனல் சோதனை. 2,400-க்கு 125 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும், எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்கிற ஏக்யூஎல் அட்டவணையில், 2.5 அளவுக்கு, மேஜர் என்கிற பெரிய குறை ஏழு வரை பாஸ், எட்டு வந்தால் ஃபெயில். அவன் எட்டு பீஸில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி வரிசையாக வைத்திருந்தான்.

எட்டாவதை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். கீழ் மடிப்பில், பேட்லாக் தையல் பக்கத் தையலைத் தாண்டுகிற தடிமனான இடத்தில் ஒரு ஸ்கிப், தையல் விட்டுப்போன இடம். சும்மா பார்த்தால் தெரியாது. அவன் இரண்டு கட்டைவிரலையும் இரு பக்கமும் வைத்து லேசாக இழுத்தான், நூல் விலகி ஓர் அரிசி அளவுக்குச் சந்து தெரிந்தது. "துவைச்சா பிரிஞ்சுக்குங்ண்ணா" என்றான். அப்படி இழுத்தால் எந்தத் தையலும்தான் கொஞ்சம் வாய் பிளக்கும் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். மீதிப் பாதிக்குத் தெரியும், அது மேஜர்தான்.

"இதை மைனர்ல போடு" என்றேன். மைனர் என்கிற சின்னக் குறையில் பத்து வரை இடம் இருக்கிறது, அவனிடம் நாலுதான் இருந்தது. அப்போதுதான் அந்த வரியைச் சொன்னான்.

என் தலையில் என்ன ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும். மணி ஏழே கால். ஃபெயில் என்று எழுதினால் பேக்கிங் முடிந்த பெட்டிகளை உடைத்து, பாலிபேக்கைப் பிரித்து, 2,400-ஐயும் மறுபடி செக்கிங்குக்குப் போட வேண்டும். ஒண்ணரை ஷிஃப்ட் முடிந்து எட்டரைக்கு வேன் கிளம்பினால் செக்கிங்கில் ஆள் இருக்காது. மறுநாள் சாயங்காலம் லாரி தூத்துக்குடிக்குப் போயாக வேண்டும், கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு ஆர்டரின் லாபத்தை மொத்தமாகத் தின்றுவிடும். இதெல்லாம் அவன் தலையில் ஒரு துளியாவது இருந்ததா என்று அன்றைக்குக் கொதித்தேன். இருக்க வேண்டுமா என்றுதான் இப்போது கேட்டுக்கொள்கிறேன். எண்ணிச் சொல்வது அவன் வேலை. கப்பலையும் லாரியையும் நினைத்து முடிவெடுப்பது என் வேலை, அதற்குத்தான் எனக்கு அந்தச் சம்பளம். அவன் இரண்டையும் பிரித்து வைத்தான், அவ்வளவுதானே.

ஆனால் நான் அப்படிப் பேசவில்லை. செக்கிங் டேபிளில் பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, "உங்களுக்கெல்லாம் பொறுப்புன்னா என்னன்னே தெரியாது, அஞ்சரை ஆனா பையைத் தூக்க மட்டும் தெரியும்" என்றேன். அன்றைக்கு அவன் ஏழே கால் வரை நின்றிருந்தான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ரிப்போர்ட்டைப் பிடுங்கி என் கையால் மேஜர் 7 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் காலத்தில் என்று ஆரம்பித்தால் இந்தப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. ஆனால் எனக்கு அதை விட்டால் வேறு அளவுகோல் இல்லை. துணி ரோல் மேலேயே படுத்துத் தூங்கி விடிய விடிய ஷிப்மென்ட் அனுப்பியவர்கள் நாங்கள். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் திருப்பூர் சாயப்பட்டறைகளை உயர்நீதிமன்றம் மூடச் சொன்னபோது துணி வெளியூர் போய்ச் சாயம் ஏறி வர வேண்டியிருந்தது, மெஷின்கள் சும்மா கிடந்தன, எத்தனையோ பேர் ஊருக்கே திரும்பிப் போனார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாமல் படுத்தவனுக்கு 'மாட்டேன்' என்ற சொல் வாயில் வராது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கான மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது என் வயதுக்காரர்கள், நாம ஏற்கெனவே அதைத்தானே செய்யறோம் என்றோம். இவர்கள்தான் போனில் சட்டத்தை எடுத்து வைத்து, வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் செய்தால் இரட்டைச் சம்பளம் என்று வாசித்துக் காட்டினார்கள். அந்த மசோதா சில நாளிலேயே நிறுத்தி வைக்கப்பட்டு அப்புறம் வாபஸும் ஆனது. அது நாங்கள் கேட்டதால் ஆகவில்லை, நாங்கள்தான் கேட்கவே இல்லையே.

எங்கள் உழைப்பு பொய்யில்லை. ஆனால் அதில் எவ்வளவு விசுவாசம், எவ்வளவு பயம் என்று பிரிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. 2005, ஏற்றுமதிக்கு உச்சவரம்பு வைத்த கோட்டா முறை ஒழிந்த வருடம், ஆர்டர் கொட்டியது. அப்போது நான் க்யூசிக்குப் புதிது. மாஸ்டர் ஒரு ரிப்போர்ட்டில் எண்ணை மாற்றச் சொன்னார், மாற்றினேன். சரக்கு போய், நஷ்டஈடு கேட்டு கிளெய்ம் வந்தது. முதலாளி முன்னால் மாஸ்டர் சொன்னது: "ரிப்போர்ட்ல இவன் கையெழுத்துதானுங்க இருக்குது." அந்தத் தீபாவளிக்கு எனக்கு போனஸ் இல்லை. அம்மாவிடம் கம்பெனியில் யாருக்குமே கொடுக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

இந்தக் கதையை டீக்கடையில் புதுப் பசங்களுக்கு நிறைய தடவை சொல்லியிருக்கிறேன், கையெழுத்து விஷயத்தில் ஜாக்கிரதையாக இருங்கடா என்பதற்காக. அவனும் அதைக் கேட்ட கூட்டத்தில் இருந்தானா என்பது நினைவில்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், டீ கிளாஸோடு மூலையில் அவன் நிற்பது போலவும் இருக்கிறது, நானாகக் கற்பனை செய்வது போலவும் இருக்கிறது.

மறுநாள் பையரின் க்யூசி அவர் இஷ்டத்துக்குப் பெட்டி தேர்ந்தெடுத்து 125 எடுத்தார், மேஜர் ஐந்துதான் வந்தது, பாஸ். நான் சொன்னதுதான் சரி என்று அன்று பகல் முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அவர் எடுத்தது வேறு 125 என்பதும், அது என்னைச் சரி என்றோ அவனைத் தப்பு என்றோ சொல்லவில்லை என்பதும் ராத்திரிதான் புரிந்தது. அந்த எட்டாவது பீஸ் அன்று காலை என் டேபிளில் மடித்து வைத்திருந்தது. டெய்லரிடம் கொடுத்து ஸ்கிப்பைச் சரி செய்திருந்தான். சிவப்பு ஸ்டிக்கரை மட்டும் எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறு கம்பெனிக்குப் போனான். "வேற ஒண்ணும் இல்லீங்ண்ணா, வீட்டுக்குப் பக்கம்" என்றான். அன்றைக்குக் கேட்டிருக்கலாம். சரி தம்பி, நல்லா இரு என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மன்னிப்புக் கேட்க வேண்டியது அந்தப் பேச்சுக்கா, எழுதிய எண்ணுக்கா என்பதே எனக்குத் தெளிவாக இல்லை. பேச்சுக்கு நிச்சயம் கேட்டிருக்க வேண்டும். எண்ணை, அதே ஏழே கால் மணி திரும்ப வந்தால், மறுபடியும் அப்படித்தான் எழுதுவேனோ என்னவோ.

அவன் இடத்தில் இப்போது ஒரு பெண் இருக்கிறாள். கெட்டிக்காரி, எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். அன்றைக்கு நடந்ததை செக்கிங்கில் யாராவது அவளிடம் சொல்லியிருப்பார்கள். போன வாரம் ஒரு ரிப்போர்ட் கொண்டுவந்து நீட்டினாள், மேஜர் என்ற கட்டத்தில் 7. பேனாவை எடுத்துவிட்டு, ஏழுதானா கண்ணு என்று கேட்க வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.