தலைக்கட்டு ஏட்டில் இல்லாத வீடு

2004 டிசம்பர் 26 அன்று காலை கடல் ஊருக்குள் வந்தபோது எனக்கு வயது 19. வேளாங்கண்ணிக்கும் வேதாரண்யத்துக்கும் இடைப்பட்ட கரையில் இருக்கும் மீனவ ஊர் எங்களுடையது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் அன்று 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாயி போனார். கூரை வீடும், அம்மா கருவாட்டுக்காக உப்புப் போட்டு வைத்திருந்த இரண்டு சால் மீனும், அப்பா விட்டுச்சென்ற கட்டுமரமும் போயின. அந்தக் காலையைப் பற்றி எங்கள் கரையில் பேசாதவர்கள் இல்லை. நான் எழுத நினைப்பது, அதற்குப் பிறகு ஒரு வீட்டையும் ஒரு தொழிலையும் திரும்பப் பெறுவதற்காக அம்மாவும் நானும் நடந்த நடையைப் பற்றி.

அப்பா 2002-இல் நோயில் இறந்துவிட்டார். அதிலிருந்து அம்மாதான் குடும்பத்தை நடத்தினார். காலையில் கரையில் ஏலம் எடுப்பார். விலை போகாத கவலை மீனையும் காரப்பொடி மீனையும் வேதாரண்யத்து உப்புப் போட்டுக் காயவைப்பார். அன்னக்கூடையில் நிரப்பிக்கொண்டு உள்ளூர்க் கிராமங்களுக்குப் போய் விற்பார். அப்பாவின் கட்டுமரத்தைச் சித்தப்பா ஓட்டினார். கிடைக்கும் மீன் வருமானத்தில் கட்டுமரத்துக்கு உரிய பங்கை மாலைக்குள் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். இப்படி இரண்டு வழியில் எங்களுக்குச் சோறு வந்தது.

முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் முதல் வாரமே கணக்கெடுப்பு தொடங்கியது. எங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் அப்போது மிகச் சிலர். எழுதத் தெரிந்தவள் என்பதால் மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. எழுதத் தொடங்கிய சில நாட்களிலேயே ஒன்று புரிந்தது. எங்கள் ஊரில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று கிராம நிர்வாக அலுவலர் குடும்ப அட்டையை வைத்து எழுதும் கணக்கு. மற்றொன்று ஊர்ப் பஞ்சாயத்தின் தலைக்கட்டு ஏடு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழாவுக்கும் ஊர்ச் செலவுக்கும் அவர் வரி கொடுப்பார். ஊருக்கு எது வந்தாலும் அந்த ஏட்டின்படிதான் பிரிப்பார்கள். கடலில் கிடைப்பதைச் சமமாகப் பங்கிட்டே வாழ்ந்த ஊருக்கு அது நியாயமான ஏடுதான். முதல் நாட்களில் வந்த அரிசியும் பாயும் சண்டையில்லாமல் எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்ததற்கு அந்த ஏடே காரணம் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அதில் அம்மாவின் பெயர் இல்லை. கணவனை இழந்த பெண்ணிடம் வரி வாங்குவது பாவம் என்று ஊர் அவருக்கு விலக்குக் கொடுத்திருந்தது. இரக்கத்தோடு செய்த அந்த விலக்கு, நிவாரணம் வந்தபோது எங்களை ஏட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது. வீடு கட்டித்தர வந்த தொண்டு நிறுவனம் ஒன்று பஞ்சாயத்தின் ஏட்டையே பயனாளிகள் பட்டியலாக எடுத்துக்கொண்டது. எங்களைச் சித்தப்பாவின் தலைக்கட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் அன்போடுதான் சொன்னார்கள். அப்படிச் சேர்த்தால் இரண்டு வீடு இருந்த இடத்தில் ஒரு வீடு வரும். அம்மா அன்றைக்குப் பஞ்சாயத்தார் முன்னால் நின்று கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது: "வரி வேணாம்னு சொன்னப்ப நல்லதுன்னு நெனச்சேன். பேரும் வேணாம்னுதான் அதுக்கு அர்த்தமாண்ணே?" யாரும் பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அம்மாவைப் போல் ஏட்டில் இல்லாத பெண்களைத் தேடி எழுதினேன். கணவனை இழந்தவர்கள், கணவன் விட்டுப் போனவர்கள், கல்யாணமே ஆகாமல் தனியாக இருந்த ஓர் அத்தை என்று 11 பேர் வந்தார்கள். அவர்கள் தனி வீட்டில் வாழ்ந்தார்கள் என்பதை எதை வைத்துக் காட்டுவது? குடும்ப அட்டையும் அப்பாவின் இறப்புச் சான்றிதழும் தண்ணீரோடு போய்விட்டன. புறம்போக்கில் இருந்த கூரை வீட்டுக்குப் பட்டா கிடையாது. கடைசியில் கைகொடுத்தது குடிசைகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஒற்றை விளக்கு மின் இணைப்பு. எங்களிடம் இருந்த அட்டை தொலைந்தாலும், மின்வாரிய அலுவலகத்தின் பதிவேட்டில் இணைப்பு எண் பத்திரமாக இருந்தது. அதோடு நியாயவிலைக் கடைப் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் இருந்த பதிவையும் எழுதி வாங்கினோம். பிறப்பு இறப்புப் பதிவேட்டிலிருந்து அப்பாவின் சான்றிதழுக்கு நகல் பெற்றோம். இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்கள் கையில் இருந்த காகிதம் போனாலும், அதைக் கொடுத்த அலுவலகத்தில் அதன் மறுபாதி இருக்கும்; அங்கிருந்து தொடங்குங்கள்.

திங்கள்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு அந்த 11 மனுக்களோடு போனோம். முதல் முறை மனுவை வாங்கிக்கொண்டு எண் கொடுத்தார்கள். இரண்டாவது முறை அதே மனு வேறு மேசைக்குப் போயிருந்தது. நான்காவது திங்கள்கிழமைக்குப் பிறகு ஒரு வருவாய் ஆய்வாளர் ஊருக்கே வந்து, அடித்தளம் மட்டும் மிஞ்சியிருந்த மனைகளை அளந்து, பெயர்களைத் தனியாக எழுதிக்கொண்டு போனார். அவர் அன்று வெயிலில் நின்று எழுதிய மூன்று மணி நேரத்தில்தான் எங்களுக்கு வீடு கிடைத்தது என்று நான் நினைக்கிறேன்.

இதற்கிடையில் 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை எண் 172 வந்தது. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் உள்ளே தள்ளிப் போக ஒப்புக்கொண்டால் புது வீடு உண்டு. பழைய இடத்திலேயே இருப்போம் என்றால் அரசு உதவி கிடையாது. புது வீடு வாங்குகிறவர்கள் பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பு, சுமார் 325 சதுர அடி, கிராமத்தில் 3 சென்ட் மனை, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை. மனைவியின் பெயரும் இருக்க வேண்டும் என்ற அந்த ஒரு வரி எங்கள் கரையில் எத்தனை பெண்களுக்கு முதல் சொத்தைக் கொடுத்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான். ஆனால் பழைய மனையை விட்டுக்கொடுக்கும் கையெழுத்துதான் ஊரைத் தூங்கவிடவில்லை. நாம் எழுந்து போன கரையில் நாளைக்கு யார் வந்து உட்காருவார்கள் என்று பெரியவர்கள் இரவெல்லாம் பேசினார்கள். கரை ஊரின் பொதுவாகவே இருக்கும், வலைக்கும் படகுக்கும் ஏலத்துக்கும் தடை வராது என்று கூட்டத்தில் பலமுறை கேட்டு உறுதி வாங்கிய பிறகே கையெழுத்திட்டோம்.

புது வீடு வரும்வரை தற்காலிகக் கொட்டகை. சுவரும் கூரையும் கறுப்புத் தார் அட்டை. சித்திரை வெயிலில் பகல் பத்து மணிக்கு மேல் உள்ளே கால் வைக்க முடியாது; அட்டையிலிருந்து தார் இளகி, தூங்கும் குழந்தையின் தலைமுடியில் ஒட்டும். அம்மா புடவைகளை நனைத்துக் கூரைக்குக் கீழே கட்டித் தொங்கவிடுவார். அரை மணி நேரத்தில் அவை காய்ந்து மொடமொடக்கும். அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

வாழ்வாதாரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டைவிட அதில்தான் அம்மா அதிகம் இழந்தார். அரசு கட்டுமரத்துக்கு வலையோடு சேர்த்து 32,000 ரூபாய் அறிவித்திருந்தது. ஆனால் தொண்டு நிறுவனங்கள் ஃபைபர் படகுகளோடு போட்டி போட்டுக்கொண்டு வந்தன. நான்கைந்து ஆண்கள் சேர்ந்தால் ஒரு படகு, ஓர் இயந்திரம், வலை. சித்தப்பாவும் ஒரு குழுவில் சேர்ந்தார். அதில் அவருக்கு வந்தது நல்ல வாழ்வு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டுமரத்தோடு, மரத்துக்கு உரிய பங்கும் போய்விட்டது. புதுப் படகில் அப்பாவுக்கு இடம் இல்லை, ஆகவே அம்மாவுக்கும் பங்கு இல்லை. எந்த இழப்பீட்டுப் படிவத்திலும் அந்தப் பங்கை எழுத ஒரு கட்டம் கிடையாது. இழந்த படகைக் கேட்டார்கள், வலையைக் கேட்டார்கள். உப்பில் கிடந்த மீனை, வட்டிக்குக் கடன் கொடுக்கும் தண்டல்காரரிடம் வாங்கி ஏலத்தில் போட்ட முதல் பணத்தை, அன்னக்கூடையை யாரும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் கரையில் படகுகள் பெருகி, முன்பு கூலிப் பங்குக்கு ஏறிய இளைஞர்கள் எல்லாரும் படகுக்காரர்களாகி, ஏறுவதற்கு ஆள் கிடைக்காமல் பல படகுகள் மணலில் வெயில் காய்ந்ததையும் பார்த்தோம். அவற்றில் இரண்டு படகின் விலை எங்கள் ஊர்க் கருவாட்டுக்காரப் பெண்கள் அத்தனை பேருக்கும் முதலாக இருந்திருக்கும்.

முதல் மாதங்களில் மீன் இருந்தாலும் வாங்க ஆள் இல்லை. கடலில் போன உடல்களை மீன் தின்றிருக்கும் என்ற அச்சம் எங்கும் பரவியிருந்தது. அம்மா கூடையைத் தொடவே இல்லை. ஒருநாள், வெறுங்கையோடு, தான் வழக்கமாக விற்கும் ஊர்களுக்கு நடந்துபோனார். பழைய பாக்கியைக் கேட்கத்தான் போனார். எங்கும் எழுதி வைக்காத பாக்கி அது. வாடிக்கைக்காரர்களே நினைவிலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் பாக்கி 40 ரூபாய்க்கு 200 ரூபாய் கொடுத்து, "கருவாடு வந்தா எடுத்துட்டு வா ஆத்தா, கழிச்சுக்கலாம்" என்றார்களாம். அந்தப் பணத்தில்தான் அம்மா மறுபடியும் ஏலத்தில் நின்றார். பின்னர் அந்த 11 பேரில் எட்டுப் பேரும் வேறு சிலரும் சேர்ந்து மகளிர் சுய உதவிக் குழு தொடங்கி வங்கிக் கடன் வாங்கினோம். தண்டல்காரரின் வட்டியிலிருந்து அம்மா வெளியே வந்தது 2008-இல்.

குடியிருப்பு, கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றே கால் கிலோமீட்டர் உள்ளே, தாழ்ந்த நஞ்சை நிலத்தை மணல் கொட்டி மேடாக்கிய இடத்தில் அமைந்தது. வரைபடத்தைக் காட்டிய கூட்டத்தில் பெண்கள் முதலில் கேட்டது மீன் காயவைக்கும் திடல் எங்கே என்பதுதான். அது வரைபடத்தில் இல்லை, இடமும் இல்லை. அப்படியானால் மாடிக்குப் படி வையுங்கள் என்று கேட்டோம். செலவு கூடும் என்று பொறியாளர் தயங்கினார். சமையலறை மேடையைச் சிறிதாக்கிக்கொள்ளச் சம்மதித்து வெளிப்பக்கம் படி வாங்கினோம். இன்று எங்கள் தெருவில் மொட்டை மாடிகளில் பழைய வலை விரித்து நெத்திலி காய்கிறது. கீழே மண் ஒட்டாது, நாய் வராது.

கட்டும்போது தண்ணீர் பாய்ச்சும் வேலையை அந்தந்தக் குடும்பத்தாரே செய்தோம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன்: கலவைக்கும் ஆழ்துளைக் குழாயின் உவர் நீரையே ஊற்றினார்கள். வாயில் வைத்தாலே கரித்தது. உப்பு நீரில் போட்ட கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்தால் மேற்பூச்சு உதிரும். கொத்தனார் ஒருவர் இதை மெதுவாக என்னிடம் சொன்னார். பஞ்சாயத்தார் எங்களோடு வந்து நின்று கேட்ட பிறகு லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. அதற்கு முன் தளம் போட்ட வீடுகளில் பத்து ஆண்டுக்குள் கூரையிலிருந்து சிமெண்ட் பாளம் விழத் தொடங்கிவிட்டது. எங்கள் வரிசையில் அந்தச் சேதம் குறைவு. வீடு கட்டித்தருகிறார்கள் என்று கைகட்டி நிற்காமல், தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

2007 தை மாதம் குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கினார்கள். அம்மாவின் பெயரைத் தனியாக அழைத்தார்கள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குள் போனவர், விளக்கேற்றுவதற்கு முன் சுவரில் நான்கு இடங்களில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். பட்டா கைக்கு வர மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின; அதற்கு நடந்த நடையைத் தனியாக எழுத வேண்டியதில்லை, முன்பு சொன்ன அதே மேசைகள்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் கரையில் ஏறியது. கூரை வீடுகளும் ஓட்டு வீடுகளும் பறந்தன, தென்னைகள் வேரோடு சாய்ந்தன, படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எங்கள் மாடி வீட்டுக்குள் 23 பேர் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். காலையில் பஞ்சாயத்தார் கணக்கெழுத என்னை அழைத்தார்கள். தலைக்கட்டு ஏட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். நான் என் பழைய நோட்டை எடுத்து, அதில் உயிரோடு இருந்த ஏழு பெண்களையும், அதன் பின் தனியானவர்களையும் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, பிறகுதான் ஏட்டைத் திறந்தேன். யாரும் தடுக்கவில்லை.

வீடு வந்த மறு ஆண்டிலிருந்து அம்மா ஆடித் திருவிழாவுக்கு வரி கட்டுகிறார். விலக்கு வேண்டாம் என்று அவரே போய்க் கேட்டு, எல்லாத் தலைக்கட்டும் கொடுக்கும் அதே தொகையைக் கொடுக்கிறார். பஞ்சாயத்தார் வாங்கிக்கொள்கிறார்கள், ரசீதில் மட்டும் "நன்கொடை" என்று எழுதுகிறார்கள். அதை "வரி" என்று எழுதித் தரும்படி அம்மா ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார். இந்த ஆடியிலும் கேட்பார்.