பெயரில்லாத சொற்பட்டியல்

ஃபோர்த் என்ற நிரல்மொழியில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு ‘சொல்’, அவற்றின் தொகுப்பு ‘சொற்பட்டியல்’. அம்மொழியில் நான் எழுதிய முதல் கட்டுப்பாட்டு நிரலில் மோட்டாருக்கு ஒன்று, வால்வுக்கு ஒன்று என இரண்டு சொற்பட்டியல்கள் இருந்தன. இரண்டிலும் ‘ஸ்டாப்’ என்றொரு சொல் இருந்தது. மொழிக்கான 1994-ஆம் ஆண்டின் ஆன்சி (அமெரிக்கத் தேசிய) தரத்திலுள்ள ‘வேர்ட்லிஸ்ட்’ என்ற சொல் புதிய பட்டியலை உண்டாக்கி, அதன் அடையாள எண்ணை மட்டும் ஸ்டாக்கில் (மதிப்புகளை அடுக்கிவைக்கும் தற்காலிக இடத்தில்) வைக்கும். பெயர் சூட்டுவது நம் பொறுப்பு. நானோ அந்த எண்ணை எங்கும் குறித்துக்கொள்ளாமல், உண்டான கையோடு தேடல் வரிசையில், அதாவது ஒரு சொல்லைத் தேடும்போது பார்க்க வேண்டிய பட்டியல்களின் வரிசையில், ஏற்றிவிட்டேன்.

ஒருநாள் சோதனை மேசையில் ‘ஸ்டாப்’ என்று தட்டினேன். வால்வு மூடிக்கொண்டது, மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வரிசையைக் காட்டும் ‘ஆர்டர்’ கேட்டால் இரண்டு எண்களும் ‘ஃபோர்த்’ என்ற ஒரே பெயரும் வந்தன. ‘வேர்ட்ஸ்’ தேடல் வரிசையின் முதல் பட்டியலை மட்டுமே காட்டும் என்பதால், அது எதனுடையது என்பதை உள்ளிருந்த சொற்களைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருந்தது. கடைசியில், ஒரு சொல்லின் உள்ளிருப்பதைக் காட்டும் ‘சீ’ பிரித்துக் காட்டிய போர்ட் (வன்பொருள் இணைப்பு) எண்தான் அது வால்வின் ‘ஸ்டாப்’ என்று சொல்லியது.

வரிசையை மாற்றிய பிறகும், ‘ஸ்டாப்’பை அழைக்கும் தானியங்கி நிறுத்தம் தவறாகவே நடந்தது. ஃபோர்த்தில் தேடல் வரிசை, சொல்லைப் படிக்கும் நேரத்தில் மட்டுமே பார்க்கப்படுகிறது. முன்பே தொகுக்கப்பட்ட (கம்பைல் செய்யப்பட்ட) சொல் தனக்குக் கிடைத்த பழைய ‘ஸ்டாப்’பைத்தான் இறுதிவரை அழைக்கும். அதை நான் ஏட்டளவில் அறிந்திருந்தேன், அவ்வளவுதான். கோப்பு முழுவதையும் மறுபடி ஏற்றினேன்.

அதன்பின் ஒரு சிறு கருவி எழுதினேன். 2012 தரத்தின் ‘ட்ராவர்ஸ்-வேர்ட்லிஸ்ட்’ ஒரு பட்டியலின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும். ‘நேம்>ஸ்ட்ரிங்’ அதன் பெயரை எழுத்துச்சரமாக்கும். ‘சர்ச்-வேர்ட்லிஸ்ட்’ அதே பெயர் மற்றொரு பட்டியலிலும் உண்டா என்று பார்க்கும். ‘ஸ்டாப்’போடு ‘இனிட்’, ‘ரீசெட்’ ஆகியவையும் அகப்பட்டன.

பெயர் சூட்டும் முறையைத் தரத்திடமிருந்தே எடுத்துக்கொண்டேன். அங்கே ‘ஃபோர்த்’ என்றால் அந்தப் பட்டியல் தேடல் வரிசையின் தலையில் அமர்கிறது. ‘ஃபோர்த்-வேர்ட்லிஸ்ட்’ என்றால் அதன் எண் மட்டும் ஸ்டாக்கில் வருகிறது. அவ்வாறே ‘மோட்டார்’, ‘மோட்டார்-வேர்ட்லிஸ்ட்’ என்று வைத்தேன். இரட்டைப் பெயர் மிகை என்று சக ஊழியர் ஒருவர் முணுமுணுத்தார். எண்ணைத் தரும் சொல்லும் வரிசையை மாற்றும் சொல்லும் ஒரே தோற்றத்தில் இருப்பதைவிட அது எனக்கு மேலாகவே பட்டது. இரண்டு ‘ஸ்டாப்’களையும் மட்டும் அப்படியே விட்டுவிட்டேன், ஒரே பெயர் இரண்டு இடங்களில் வாழத்தானே பட்டியல்களைப் பிரித்தேன்.