சிவப்புப் பட்டியலில் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள்

ஏதாவது ஒரு விலங்கு "அழிவின் விளிம்பில்" என்று செய்தி வந்தால் கூடவே சிவப்புப் பட்டியல் என்ற பெயரும் வரும். ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964 முதல் பராமரித்து வரும் பட்டியல் அது. மிக அருகிய இனம், அருகிய இனம், அழிவாய்ப்பு இனம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை, ஒரு நிறம். பெரும்பாலான செய்திகள் அந்த நிறத்தோடு நின்றுவிடுகின்றன, எனக்கு அதில்தான் ஆதங்கம். பட்டியலில் ஒவ்வொரு உயிரினத்துக்கும் உள்ள பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கீழே போனால் ஏ, பி, சி, டி, இ என்ற ஐந்து எழுத்துகளில் ஒன்றோ இரண்டோ எண்களோடு சேர்ந்து ஒரு குறியீடாக இருக்கும். அந்த உயிரினத்துக்கு எப்படிப்பட்ட கேடு வந்திருக்கிறது என்பது அதில்தான் தெரியும், என்ன செய்தால் பிழைக்கும் என்பதற்கான முதல் துப்பும் அங்கேதான் கிடைக்கும்.

ஏ என்றால் எண்ணிக்கை வேகமாகச் சரிகிறது என்று பொருள். பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 80 சதவீதம் குறைந்தால் மிக அருகிய இனம், 50 என்றால் அருகிய இனம், 30 என்றால் அழிவாய்ப்பு இனம் (சரிவுக்கான காரணம் நீங்கிவிட்டது என்று உறுதியானால் இந்த வரம்புகள் கொஞ்சம் உயரும்). இன்னும் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று இந்த விதி கேட்பதே இல்லை. ஆயிரக்கணக்கில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு உயிரினமும் இதில் மேல் நிலைக்குப் போகலாம், போகவும் வேண்டும்.

தெற்காசியாவின் வெண்முதுகுப் பாறு கழுகை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் மாட்டின் சடலம் கிடக்கிற இடமெல்லாம் கூட்டமாக இறங்கிய பறவை, 1990களில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போனது. காடு அழியவில்லை, யாரும் வேட்டையாடவில்லை, இரைக்கும் பஞ்சமில்லை. செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது, சிறுநீரகம் செயலிழந்திருந்தது. மாடுகளுக்கு வலி குறையப் போடுகிற டைக்ளோஃபெனாக் மருந்துதான் காரணம் என்று 2004-இல் உறுதியானது. அந்த ஊசி போட்ட மாடு சில நாட்களுக்குள் இறந்து கழுகு அதைத் தின்றால் போதும். 2006-இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தன, கழுகுக்குக் கேடில்லாத மெலாக்சிகாம் மாற்றாக வந்தது. ஆனாலும் கதை முடியவில்லை, மனிதர்களுக்கான மருந்தையே பெரிய குப்பிகளில் வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள், அதனால் 2015-இல் குப்பியின் அளவையும் இந்தியா சுருக்க வேண்டியிருந்தது. இந்தக் கழுகுக்கு ஒரு சரணாலயம் அறிவித்துவிட்டு மருந்தைக் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பி வேறு விதம், அது வரைபடத்தின் கணக்கு. செடிகள் பலவும் பட்டியலுக்குள் வருவது இந்த வழியாகத்தான். செடிகளை யாரும் தலை எண்ணுவதில்லை, உலர் தாவரக் காப்பகங்களில் தாளில் ஒட்டி வைத்த மாதிரிகள்தான் சாட்சி. பழுப்பேறிய தாள், காய்ந்த ஒரு கிளை, ஓரத்தில் சேகரித்தவர் பெயர், தேதி, ஏதோ ஒரு மலைச்சரிவின் பெயர். அந்த இடங்களையெல்லாம் வரைபடத்தில் குறித்து, இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டங்களை மேலே விரித்து, புள்ளி விழுந்த கட்டங்களை எண்ணுகிறார்கள். மொத்தம் 10 சதுர கிலோமீட்டருக்குக் கீழ் என்றால் மிக அருகிய இனமாகும் வாய்ப்பு உண்டு, அதாவது இரண்டே இரண்டு கட்டம். ஆனால் இடம் சிறியது என்பது மட்டும் போதாது. துண்டு துண்டாகப் பிரிந்திருக்கிறதா அல்லது ஒரே இடத்தில் ஒடுங்கிவிட்டதா, தொடர்ந்து குறைகிறதா, தாறுமாறாக ஏறி இறங்குகிறதா, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். யாரும் தொடாத ஒரு மலையுச்சியில் மட்டும் காலங்காலமாக நிம்மதியாக இருக்கிற செடி அரியதுதான், ஆபத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் நிறையப் பேர் எழுதுகிறார்கள்.

சரி, டி? (சி, இ இரண்டையும் இங்கே விட்டுவிடுகிறேன்.) முதிர்ந்த உயிர்கள், அதாவது இனப்பெருக்கம் செய்யக்கூடியவை, ஐம்பதுக்கும் கீழே போய்விட்டன என்றால் வேறு எதையும் கேட்காமலே மிக அருகிய இனம். நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் கறுப்பு ராபின் 1980-இல் மொத்தம் ஐந்தே ஐந்து, முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பெண் ஒன்றே ஒன்று. அதன் முட்டைகளை எடுத்து அங்கேயே வாழும் வேறொரு சிறு பறவையின் கூட்டில் வைத்தார்கள், தாய் மறுபடி முட்டையிட்டது. இன்று உயிரோடிருக்கும் கறுப்பு ராபின் எல்லாமே அந்த ஒரு பறவையின் வழித்தோன்றல்கள். இந்த நிலையில் சட்டமும் விழிப்புணர்வும் மட்டும் போதாது, ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு ஆள் வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது சாம்பல் நிறத்தில் இருக்கும் "தரவு போதாது" என்ற நிலை. அதைப் பார்த்ததும் பரவாயில்லை, ஆபத்தில்லை போலிருக்கிறது என்று கடந்து போகிறோம், நிதி கொடுப்பவர்களும் அப்படியே கடந்து போகிறார்கள். யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள். அதற்கும் முன்னால், பட்டியலை எட்டியே பார்க்காத பூஞ்சைகளும் பூச்சிகளும் லட்சக்கணக்கில் இருக்கின்றன.

ஆபத்து நிலை இறங்கினால் பாதுகாப்பும் குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வாழும் ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை 2001-இல் முதிர்ந்தவை 62, 2022-இல் 648, அதனால் 2024-இல் அருகிய இனத்திலிருந்து அழிவாய்ப்பு இனம் ஆனது. பயம் நியாயம்தான், ஆனால் தேறியதைத் தேறியது என்று சொல்லாவிட்டால் அடுத்த முறை ஆபத்து என்று சொல்லும்போது யார் நம்புவார்கள்?

அப்புறம், தகவல் கூடினால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது. இந்தோனேசியாவின் ரோட்டே தீவில் வாழும் பாம்புக் கழுத்து ஆமையைத் தனி இனம் என்று 1994-இல் விவரித்தார்கள், அது அரியது என்று தெரிந்ததுமே செல்லப்பிராணி வியாபாரிகள் தேடிப் பிடித்து ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டார்கள். கள்ளிச் செடிகளுக்கும் ஆர்க்கிடுகளுக்கும் இதே கதி நடந்துகொண்டிருக்கிறது. செடி, விலங்குகளைப் பார்த்த பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் படம் ஏற்றினால் ஆபத்திலிருக்கும் இனங்களின் சரியான இடத்தை அவர்களே மறைத்து, ஒரு தோராயமான பகுதியை மட்டும் காட்டுகிறார்கள். மற்ற இடங்களில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது நாம்தான். காட்டில் ஒரு அரிய பூவைப் பார்த்தால் படம் எடுங்கள், தேதியோடு ஆய்வாளர்களுக்குக் கொடுங்கள், பொதுவில் போடும் முன் கைபேசி படத்தோடு சேர்த்து வைத்திருக்கும் இட விவரத்தை நீக்கிவிடுங்கள், "எங்கே பார்த்தீர்கள்" என்று கருத்துப் பெட்டியில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.