தோட்டப் பள்ளி மலரை அச்சுக்கும் இணையத்துக்கும் தயார் செய்த அனுபவம்

மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து நினைவு மலர் போட்டோம். ஏ4 அளவில் அச்சாக வேண்டும், இணையத்திலும் ஏற வேண்டும். படம், எழுத்து இரண்டும் என் பொறுப்பு. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

படங்கள் எல்லாம் புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்து குவிந்தன. வழக்கமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவில்தான் வந்து சேரும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்குப் போட்டால் இது 13.5 செ.மீ.க்குத்தான் காணும், முழுப்பக்க ஏ4 படத்துக்கோ 2480க்கு 3508 வேண்டும். வகுப்புப் படத்திலிருந்து ஒரு ஆசிரியரின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் கேட்கவே வேண்டாம். அதனால் எல்லாரிடமும் ‘டாக்குமெண்ட்’ ஆக மறுபடி அனுப்பச் சொன்னேன், அப்படி அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும். பழைய காகிதப் படங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியவர்களிடம் நேரில் போய் வாங்கிவந்து 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தேன். மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படம் 2100க்கு 3000 பிக்சலாகக் கிடைக்கும், அச்சில் இரு மடங்கு பெரிதாகப் போட்டாலும் தெளிவாக இருக்கும்.

எழுத்துதான் பெரிய வேலை. கட்டுரைகளில் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். முதலில் எல்லாவற்றையும் எந்தக் கணினியிலும் படிக்கக்கூடிய யூனிகோடுக்கு மாற்றி, வரி வரியாக மெய்ப்புப் பார்த்தோம். அப்புறம் பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் ஒட்டினால் ‘கெ’, ‘கொ’ எல்லாம் உடைந்து, கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி பேரகிராஃப் கம்போசர்’ என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இதைப் பத்திகளுக்கான பொது அமைப்பான ஸ்டைலிலேயே வைத்துவிடுங்கள், பக்கம் பக்கமாக மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

வாழ்த்து விளம்பரங்கள் பல, எழுத்தும் படமும் ஒன்றாகக் கலந்த ஜேபெக்காக வந்தன. அச்சகத்து அண்ணன் பிடிஎஃப்பை அக்ரோபேட்டில் திறந்து, ‘அவுட்புட் பிரிவியூ’வில் கறுப்பு மையை மட்டும் அணைத்துக் காட்டினார். கட்டுரை எழுத்துகள் மறைந்துபோயின, விளம்பர எழுத்துகள் மங்கலாக அங்கேயே நின்றன. “பாரு தம்பி, இது நாலு வர்ணத்துலயும் இருக்கு. அச்சுத் தட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சின்ன எழுத்தெல்லாம் கலங்கிடும்” என்றார். அந்த விளம்பரங்களின் எழுத்தை எல்லாம் திரும்பத் தட்டச்சு செய்து, 100 விழுக்காடு கறுப்பு மை மட்டும் கொடுத்தோம். பக்க ஓரம் வரை போகும் படங்களுக்கு வெட்டுக்காக 3 மி.மீ. கூடுதலாக விட்டோம். திரையில் பளிச்சென்று தெரிந்த பட்டுச்சேலைப் பச்சையும் ரோஸும் சிஎம்ஒய்கேயில், அதாவது அச்சின் நாலு வர்ண மையில், அடங்கிப்போகும், அதைத் தடுக்க வழியில்லை. மாதிரித் தாள் ஒன்றை அச்சடித்து, அந்தச் சேலை கட்டியவர்களிடம் முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது.

இணையத்துக்கு அச்சுக் கோப்பைச் சுருக்கிப் போடாமல், மூலப் படத்திலிருந்தே தனியாக, திரைக்கான வண்ண முறையான எஸ்ஆர்ஜிபியில் எடுத்தேன். அங்கே டிபிஐ எண்ணுக்கு வேலையில்லை, பிக்சல்தான் கணக்கு, அதனால் நீளப் பக்கம் 1600 போதும். பக்கங்களைப் படமாக எடுத்து முகநூலில் போட்டால் போதும் என்று குழுவில் சிலர் சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. தோட்டம் கலைந்து ஆளுக்கொரு திசையில் போனவர்களின் பெயர்கள் அந்தப் படக்குறிப்புகளில்தான் இருக்கின்றன, படமாகப் போட்டால் யார் தேடினாலும் அவை கிடைக்கப்போவதில்லை. தமிழ் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தாலும் எழுத்து பல நேரம் சிதைந்துதான் வருகிறது. அதனால் கட்டுரைகளையும் படக்குறிப்புகளையும் யூனிகோடு எழுத்தாகவே வலைப்பக்கத்தில் ஏற்றினோம், பிடிஎஃப் தனியாகக் கீழே இருக்கிறது.