வாதாபி ஏன் எரிய வேண்டியிருந்தது

முடிவு தெரிந்த பிறகும் நெஞ்சைப் படபடக்க வைக்கிற நாவல்கள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' அப்படி ஒன்று. நாகநந்தி அடிகள் யார், வஜ்ரபாகு யார், பரஞ்சோதி சுமந்து போகும் ஓலையில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாம் மனப்பாடம். ஆனாலும் செங்கல்பட்டு லோக்கலில் மறுபடி அதைப் பிரித்து உட்கார்ந்தால் பக்கத்தில் யார் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள் என்றே தெரிவதில்லை. 1944-ல் தொடங்கி 1946 வரை தொடராக வந்த கதை. அடுத்த வாரம் வரைக்கும் வாசகரை விடாமல் பிடித்து வைக்க வேண்டும் என்கிற முனைப்பு அத்தியாயக் கடைசிகளில் இன்றைக்கும் தெரிகிறது.

காதலர்கள் இருவரும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில் இருப்பவர்கள். அவன் பல்லவ இளவரசன் மாமல்லன். அவள் சிவகாமி, காட்டுக்குள் சிற்ப வீடு கட்டிக்கொண்டு வாழும் ஆயனரின் மகள், நாட்டியக்காரி. இந்த மாதிரிக் கதைகள் பலவற்றில் அந்தஸ்து வித்தியாசம் ஒரு பக்கமும் சதி, ஒற்று, போர் எல்லாம் இன்னொரு பக்கமுமாக ஓடும். இதில் இரண்டும் ஒரே இழை. அதனால்தான் இந்தக் கதையை இப்படித் தூக்கி வைத்துப் பேசுகிறேன்.

அந்த ஓலையையே பாருங்கள். அஜந்தா ஓவியங்களின் அழியாத வர்ண ரகசியம் தெரிய வேண்டும் என்று ஆயனருக்கு ஒரு தீராத ஏக்கம். அந்த ஏக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் புத்த பிக்ஷு நாகநந்தி அந்த வீட்டுக்குள் நுழைகிறார். வர்ண ரகசியம் கேட்டு எழுதிய கடிதம் என்று நம்பி, திருச்செங்காட்டங்குடியிலிருந்து படிக்க வந்த வெள்ளந்திப் பையன் பரஞ்சோதி அதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். உள்ளே இருப்பதோ சளுக்க மன்னன் புலிகேசிக்கு எழுதிய செய்தி. படையோடு நேராகக் காஞ்சிக்கு வா, ராஜ்யத்தை நீ எடுத்துக்கொள், சிவகாமியை எனக்கு விட்டுவிடு என்கிற பேரம். ஒரு பெண் மீதுள்ள ஆசை ராணுவ ரகசியத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது! அதை வழியில் வஜ்ரபாகு என்கிற போர்வீரன் மாற்றி வைக்கும் இரவை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது.

அப்புறம் மாமல்லனின் தந்தை மகேந்திரவர்மர். கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர். சிவகாமியின் கலையை அவரைப் போல ரசித்தவர் யாரும் இல்லை. அதே மனிதர்தான் மகனைக் கோட்டைக்குள் கட்டிப்போட்டுவிட்டு அந்தக் காதலை அணு அணுவாகப் பிரிக்கிறார். கொடுமைக்காரத் தகப்பன் என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம். இவரை வெறுக்க முடியவில்லை.

வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு காதலர்கள் ஒதுங்கும் மண்டபப்பட்டுதான் அவர்களுக்குக் கிடைத்த சில நாள் சந்தோஷம். விழுப்புரத்திலிருந்து செஞ்சிப் பக்கம் போகும்போது அங்கே உள்ள குடைவரைக் கோயிலை மகளுக்குக் காட்டினேன். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கு விசித்திரசித்தன் எடுத்த கோயில் என்று கல்வெட்டு சொல்கிறது. அந்த விசித்திரசித்தன் மகேந்திரவர்மர்தான். இரு பக்கமும் துவாரபாலகர்கள் நிற்கிறார்கள், உள்ளே மூன்று கருவறைகளும் காலி. மகள் பாறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கேயே இருந்திருக்கலாம்மா அவங்க ரெண்டு பேரும்" என்றாள்.

அவள் பதினேழு வயதுக்காரி, மாமல்லனை மன்னிக்கவே மாட்டேன் என்கிறாள். அவள் கோபம் மூன்றாம் பாகத்தில் ஆரம்பித்தது. சளுக்கர்களிடம் சிறைப்பட்ட சிவகாமியை மீட்க மாமல்லன் மாறுவேடத்தில் அவர்கள் தலைநகர் வாதாபிக்குள் வருகிறான். உயிரைப் பணயம் வைத்து வந்தவனோடு அவள் கிளம்ப மறுக்கிறாள். இந்த நகரத்தை எரித்துவிட்டு என்னை அழைத்துப் போ என்கிறாள். பிடிவாதம் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரவோடு இரவாக ஒளித்துக் கொண்டுபோனால் அவள் காஞ்சியில் யாராக இருப்பாள்? எதிரி ஊரிலிருந்து திருட்டுத்தனமாக மீட்கப்பட்ட சிற்பி மகள். பட்டத்து ராணி ஒருத்தி இதே நிலையில் இருந்திருந்தால் அவளுக்காகப் படை தானாகவே கிளம்பியிருக்கும். சிவகாமி அதைத் தன் வாயால் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வாதாபி வீதியில் சாட்டையடி பட்ட கைதிகளைக் காப்பாற்ற நாற்சந்தியில் ஆடியவள் அவள். சபதம் ஒன்றுதான் அவள் கையில் மிச்சம்.

சரித்திரத்தில் சிவகாமியும் ஆயனரும் நாகநந்தியும் கிடையாது. பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளிய வைத்தோம் என்று புலிகேசியின் ஐஹோளே கல்வெட்டு 634-ல் பெருமையடிக்கிறது. 642-ல் வாதாபி விழுகிறது, மாமல்லன் என்கிற நரசிம்மவர்மன் 'வாதாபி கொண்டான்' ஆகிறான். படைத்தலைவர் பரஞ்சோதியோ பெரியபுராணத்தில் சிறுத்தொண்டராக நிற்கிறார். ஒரு அவமானம், சில ஆண்டுகள் கழித்து ஒரு பழிவாங்கல். அந்த இடைவெளியில் ஒரு பெண்ணை ஒன்பது வருடம் காத்திருக்க வைத்தார் கல்கி. அது எப்பேர்ப்பட்ட கற்பனை!

அந்தக் காத்திருப்புக்குள்தான் தந்தையின் கடைசி வேண்டுகோளுக்காக மாமல்லன் பாண்டிய இளவரசியை மணந்துகொள்கிறான். சிவகாமி திரும்பி வந்து ஏகாம்பரநாதருக்கே தன்னை அர்ப்பணித்துவிடுகிறாள். "ஒன்பது வருஷம் என்னதான் பண்ணிட்டு இருந்தான்?" என்று மகள் சாப்பாட்டு மேஜையில் கத்தினாள். படை திரட்டினான், யானை சேர்த்தான் என்று நான் சொன்னது எடுபடவில்லை.

எனக்கு இப்போதெல்லாம் அந்தப் பாண்டிய இளவரசி வானமாதேவிதான் நினைவில் நிற்கிறாள். கணவன் வேறொரு பெண்ணின் சபதத்துக்காகப் படை சேர்ப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். அவள் பக்கத்திலிருந்து இந்தக் கதையை யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன், இரண்டாவதை மகளுக்கு.